யமாத்தோ மலையடியில் ஒன்பது கற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வின் சுருக்கம்

1969-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிழக்கு அண்டார்க்டிகாவின் யமாத்தோ மலைகளுக்கு அருகே பனியின் நகர்வை அளந்துகொண்டிருந்த ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று, வெற்றுப் பனிமேல் கிடந்த ஒன்பது கற்களைப் பொறுக்கி எடுத்து வந்தது. கற்களைத் தேடுவது அவர்களுடைய பணித் திட்டத்தில் இருக்கவில்லை. ஆனாலும் விண்கற்களைப் பற்றிய அறிவு அந்த ஒன்பது கற்களுக்கு முன், அவற்றுக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும் அளவுக்கு அதன் விளைவு அமைந்தது. அந்தக் குழு என்ன கண்டது, எந்தெந்த இடத்தில் எப்படி முடிவெடுத்தது, அந்த முடிவுகளின் பயன் கைக்கு வர ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் பதிவு செய்கிறது. குழுவினரின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

பின்னணி: பனிக்கு மேல் தலைநீட்டும் மலைகள்

அண்டார்க்டிகக் கண்டத்தை மூடியிருக்கும் பனிவிரிப்பின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அதன் அடியில் முழு மலைத்தொடர்களே புதைந்து கிடக்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தவற்றின் உச்சிகள் மட்டும், வெள்ளத்தில் மூழ்கிய ஊரின் கோபுரக் கலசம் வெளியே தெரிவதுபோல், பனியைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கின்றன. இத்தகைய பாறைச் சிகரங்களைக் கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்து வந்த ‘நுனாட்டக்’ என்ற சொல்லால் அறிவியலாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

யமாத்தோ மலைகள் அத்தகைய நுனாட்டக்குகளின் கூட்டம். தென் அட்சரேகை 71 பாகை 30 கலைக்கு அருகே, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு, சிறிதும் பெரிதுமான ஏழு பாறைத் தொகுதிகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கின்றன. 1960 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வுக்குழு ஒன்று விமானத்திலிருந்து இவற்றைக் கண்டு, அந்நாட்டின் வருங்கால அரசியின் பெயரால் ராணி ஃபபியோலா மலைகள் என்று பெயரிட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜப்பானியக் குழு ஒன்று தரைவழியே அங்கே சென்று சேர்ந்தது. யமாத்தோ என்பது அவர்கள் வைத்த பெயர். 2,470 மீட்டர் உயரமுள்ள மிக உயர்ந்த சிகரத்துக்கு ஃபுக்குஷிமா என்று பெயர். அந்த 1960 அக்டோபரிலேயே, கடற்கரையில் உள்ள ஷோவா நிலையத்தில் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்த ஜப்பானியக் குழு உறுப்பினரின் நினைவை அந்தப் பெயர் தாங்கியுள்ளது. அந்தப் பகுதியில் பணிசெய்வது எத்தகையது என்பதற்கு அந்த ஒரு பெயரே போதும்.

மலைகளைச் சுற்றியுள்ள பனி மற்ற இடங்களைப் போல் வெண்ணிறமாக இருப்பதில்லை. கண்டத்தின் உட்பகுதியிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து வரும் குளிர்காற்று இங்கே விழும் வெண்பனியை நிற்கவிடாமல் துடைத்தெடுத்து விடுவதால், அடியில் உள்ள பழைய, இறுகிய பனிக்கட்டி வெளிப்பட்டு நீலமாகத் தெரிகிறது. காற்றும் வெயிலும் அரித்ததால் அதன் மேற்பரப்பு முழுவதும் உள்ளங்கை அகலக் குழிகள் அலையலையாக இருக்கும். இத்தகைய நீலப்பனி வயல்கள் யமாத்தோ மலைகளின் தெற்கிலும் தென்கிழக்கிலும் பரந்து கிடக்கின்றன.

இந்நிகழ்வுக்கு முன்னரும் அண்டார்க்டிகாவில் விண்கற்கள் கிடைத்திருந்தன. ஆனால் 57 ஆண்டுகளில் நான்கு மட்டுமே. 1912 டிசம்பரில் அடேலி நிலப்பகுதியில் ஆஸ்திரேலியக் குழு ஒன்று பனிமேல் ஒரு கல்லைக் கண்டெடுத்தது. 1961-இல் ஹம்போல்ட் மலைகளில் சோவியத் குழுவினருக்கு ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. இந்தியாவின் மைத்ரி நிலையம் பிற்காலத்தில் அமைந்த இடத்துக்குத் தெற்கே உள்ள மலைகள் இவை. அதை அடுத்து தீல் மலைகளிலும், 1964-இல் நெப்டியூன் மலைகளிலும் அமெரிக்க நிலவியலாளர்கள் தலா ஒன்றைக் கண்டெடுத்தனர். இந்தப் பட்டியலை இன்று வாசிப்பவரின் கண்ணில் ஒரு செய்தி உடனே படும். நான்கில் மூன்று கற்கள் பனிக்கு மேல் எழுந்த மலைகளின் அருகில் கிடைத்தவை. நிலவியலாளர்கள் மலைகளைத் தேடிச் செல்பவர்கள் ஆதலால் அவர்களுக்குக் கிடைப்பவையும் அங்கேதான் கிடைக்கும் என்று எண்ணி அப்போது அதைக் கடந்துவிட முடிந்தது. நான்கு எடுத்துக்காட்டுகளை வைத்து அதற்கு மேல் சொல்வதும் கடினம். ஆகவே அந்த எண்ணத்தை நான் குறையாகக் கூறவில்லை.

குழு அங்கே சென்ற காரணம்

ஜப்பானின் பத்தாவது அண்டார்க்டிக ஆய்வுப் பயணக் குழு 1969-ஆம் ஆண்டின் குளிர்காலத்தை ஷோவா நிலையத்தில் கழித்தது. வசந்தம் பிறந்ததும் அதிலிருந்து ஒரு பிரிவு பனிவண்டிகளில் உட்பகுதிக்குப் புறப்பட்டது. பனிவிரிப்பு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே நெருக்கப்படுகிறது என்பதை அளப்பதே அதன் பணி.

அதற்கு அசையாத ஒரு புள்ளி தேவை. நாற்புறமும் பனியே நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் அசையாதது பாறை மட்டுமே. எனவே அவர்கள் யமாத்தோ மலைகளில் உள்ள ஒரு பாறையைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, அங்கிருந்து கிழக்கே, 72 பாகை அட்சரேகையை ஒட்டி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனியில் கம்பங்களை நட்டு, முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு செல்லத் திட்டமிட்டனர். சில ஆண்டுகள் கழித்து மற்றொரு குழு வந்து அதே கம்பங்களை மீண்டும் அளந்தால் ஒவ்வொரு கம்பமும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. கம்பம் நட வேண்டும், கோணமானியை நிறுத்திக் கோணத்தைப் படிக்க வேண்டும், எழுதிக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நகர வேண்டும். ஆனால் இந்த வேலைமுறையில் ஒரு நன்மையும் இருந்தது. வண்டிக்குள் அமர்ந்து விரைந்து கடப்பவர் காணாததை, கம்பத்துக்குக் கம்பம் மெதுவாகப் போகிறவர் காண்கிறார். மேலும், இருக்கும் இடத்தைக் கணக்காகக் குறித்து வைப்பதே அவர்களுடைய தொழில்.

கண்டது: 1969 டிசம்பர் 21

மலைகளின் தென்கிழக்கு முனையை அடுத்த நீலப்பனியில், டிசம்பர் 21 அன்று, அளவீட்டில் ஈடுபட்டிருந்தவர்களின் கண்ணில் கருநிறக் கல் ஒன்று பட்டது. தொடர்ந்து பார்த்தபோது மேலும் சில கற்கள் தென்பட்டன. 5 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் அளவுள்ள பரப்புக்குள் மொத்தம் ஒன்பது கற்கள் சேர்ந்தன.

பனிமேல் கல் கிடப்பது மலையடிகளில் அரிதான காட்சி இல்லை. மலையிலிருந்து உடைந்து விழும் பாறைத் துண்டுகளைப் பனியாறு சுமந்துகொண்டு போய்க் கீழ்ப்புறத்தில் வரிவரியாகப் படியவிடும். இந்தக் கற்களை அவற்றிலிருந்து பிரித்துக் காட்டியவை இரண்டு.

முதலாவது, அவை கிடந்த திசை. இப்பகுதியில் பனி தென்கிழக்கிலிருந்து மலையை நோக்கி நகர்கிறது. காற்றும் பெரும்பாலும் அதே பக்கத்திலிருந்து வீசுகிறது. மலைக்கு மேல்நீர்ப்புறம் என்று சொல்லத்தக்க பகுதியில் கிடக்கும் கல், அந்த மலையிலிருந்து உடைந்து வந்ததாக இருப்பதற்கு வழி குறைவு. ஆற்றில் விழுந்த தேங்காய் எதிர்நீரில் ஏறிப் போவதில்லை.

இரண்டாவது, கல்லின் தோற்றம். விண்கல் வளிமண்டலத்தைக் கிழித்து வரும்போது அதன் மேற்புறம் சில நொடிகள் உருகி உடனே உறைந்துவிடுகிறது. அதனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, பெரும்பாலும் அதைவிடவும் மெல்லியதாக, கரிய மேலோடு ஒன்று அதன்மீது படிகிறது. அடுப்பில் கரிபிடித்த மண்சட்டியின் வெளிப்புறத்தை அது ஒத்திருக்கும். சில கற்களில், ஈரக் களிமண்ணைப் பெருவிரலால் அழுத்தியதுபோன்ற ஆழமற்ற பள்ளங்களும் தெரியும். மேலோடு பெயர்ந்த இடத்தில் உள்ளே வெளிர்சாம்பல் நிறமும், பலவற்றில் ஒளிபட்டால் மின்னும் இரும்புத் துகள்களும் காணப்படும். ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர் இந்தத் தோற்றத்தை மறக்க மாட்டார்.

களத்தில் எடுத்த முடிவுகள்

இக்கட்டத்தில் குழு மூன்று முடிவுகளை எடுத்தது. இவை பெரிய முடிவுகளாக அப்போது தோன்றியிருக்க மாட்டா.

ஒன்று, கற்களை எடுத்துச் செல்வது. அளவீட்டுக் கால அட்டவணை நெருக்கமானது. கோடைக்குள் 250 கிலோமீட்டர் தொலைவை முடித்துக் கடற்கரைக்குத் திரும்ப வேண்டும். பனிவண்டியில் எரிபொருளும் உணவும் கணக்கிட்டே ஏற்றப்பட்டிருந்தன. தங்கள் துறைக்குத் தொடர்பில்லாத ஒன்றுக்காக நின்று குனிந்து எடுப்பதும், அதற்கு வண்டியில் இடம் ஒதுக்குவதும் எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியவை.

இரண்டு, ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளாதது. விண்கற்கள் கூட்டமாக விழுவது உண்டு. பெரிய கல் ஒன்று வானில் வெடித்துச் சிதறினால் சில கிலோமீட்டர் பரப்பில் அதன் துண்டுகள் பரவி விழும். ஒரே இடத்தில் பல கற்களைக் கண்டவருக்கு அந்த விளக்கமே முதலில் தோன்றும். இவர்களுக்கும் தொடக்கத்தில் அவ்வாறே தோன்றியது. அந்த விளக்கத்தை நம்பிவிட்டால், ஒரு பாறையின் இரண்டு துண்டுகள் ஆய்வகத்துக்குப் போதும், மற்றவை மிகை என்று நினைப்பது இயல்பு. அவர்கள் ஒன்பதையும் எடுத்தனர்.

மூன்று, கிடந்த இடங்களைக் குறித்து வைத்தது. அளவீட்டுக் கம்பங்கள் அருகிலேயே இருந்ததால் இதற்குத் தனி முயற்சி வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பிற்பாடு எழுந்த கேள்விகள் அனைத்துக்கும் அந்த இடக்குறிப்பே அடித்தளமாயிற்று. இடம் தெரியாமல் ஒன்பது கற்கள் மட்டும் டோக்கியோவை அடைந்திருந்தால், அவை ஒன்பது நல்ல மாதிரிகளாக அருங்காட்சியகப் பெட்டியில் இருந்திருக்கும், அவ்வளவே.

ஆய்வகத்தில் தெரிந்தது

1970-இல் கற்கள் ஜப்பானை அடைந்தன. மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தும், வேதியியல் முறையில் பகுத்தும் ஆராய்ந்தபோது, அவை ஒரே பாறையின் துண்டுகள் என்ற எண்ணம் நிலைக்கவில்லை.

அவற்றுள் மிகப் பெரியது என்ஸ்டடைட் காண்ட்ரைட் வகையைச் சேர்ந்தது. காண்ட்ரைட் என்பது உருவான பின் முழுவதுமாக உருகாத கல்வகை விண்கல். உயிர்வளி மிகக் குறைவாக இருந்த சூழலில் உருவான இந்த வகைக் கல்லில் இரும்பு முழுவதும் உலோகமாகவோ கந்தகத்தோடு சேர்ந்தோ இருக்கும். கனிமங்களுக்குள் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இன்னொன்று டயோஜெனைட். ஏதோ ஒரு சிறுகோள் முற்றிலும் உருகி, அதன் உட்புறம் மெதுவாகக் குளிர்ந்து படிகமானபோது உண்டான பாறை அது. மூன்றாவது ஒன்று, உயிர்வளி மிகுந்த சூழலில் உருவான, உருகியதற்கான அடையாளமே இல்லாத கார்பன் வகைக் காண்ட்ரைட். மேலும் சில, பூமியில் அதிகமாக விழும் சாதாரணக் காண்ட்ரைட் வகை.

ஒருமுறை முழுவதுமாக உருகிய பாறையும் ஒருபோதும் உருகாத பாறையும் ஒரே தாய்ப்பாறையின் துண்டுகளாக இருப்பது எவ்வாறு? உயிர்வளி இன்றி உருவானதும் உயிர்வளி மிகுந்த சூழலில் உருவானதும் எவ்வாறு ஒரே நாளில் ஒன்றாக விழும்? இவை வெவ்வேறு தாய்க்கோள்களிலிருந்து, வெவ்வேறு காலங்களில், தனித்தனியே பூமிக்கு வந்தவை என்பதைத் தவிர வேறு முடிவுக்கு இடமில்லை. இந்த வகைகளுள் சில, விழும் கற்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டாக மட்டுமே வருபவை. அன்றைக்கு உலகம் முழுவதிலும் அறியப்பட்டிருந்த விண்கற்களே ஏறத்தாழ 2,000 மட்டும். அப்படியிருக்க, ஒரு சிற்றூரின் நிலப்பரப்பில் இத்தனை வகைகள் அருகருகே கிடக்கின்றன என்றால், தற்செயல் என்று சொல்லிக் கடக்க முடியாது. ஏதோ ஒன்று அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்.

மலை செய்த வேலை

அந்த ஏதோ ஒன்று மலையும் பனியும் சேர்ந்ததே என்ற விளக்கம் 1970-களில் படிப்படியாக உருப்பெற்றது. கற்களைக் கண்டவர்களே பனியின் நகர்வை அளந்தவர்களாகவும் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது.

கண்டத்தின் உட்பகுதியில் விழும் விண்கல், ஆண்டுதோறும் அதன்மேல் சேரும் வெண்பனியால் மூடப்பட்டு, நாளடைவில் பனிக்கட்டிக்குள் புதைகிறது. உள்ளே அதற்குப் பாதுகாப்பான உறக்கம். ஈரமில்லை, வெப்பமில்லை, துருப்பிடிக்க வழியுமில்லை. பனிவிரிப்போ தன் எடையாலேயே மெதுவாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. தடையில்லாத இடங்களில் கல் பனியோடு கடலுக்குப் போய், மிதக்கும் பனிமலை உருகும்போது ஆழத்தில் விழுந்து தொலைகிறது. பெரும்பாலான கற்களின் கதி அதுதான்.

வழியில் நுனாட்டக் கூட்டம் ஒன்று குறுக்கே நின்றால் நிலைமை மாறுகிறது. வெளியே தெரியும் சிகரங்கள் சிறியவையாக இருக்கலாம். ஆனால் அவற்றின் அடியில் பனிக்குள் மறைந்திருக்கும் மலை பெரியது. அது அணைக்கட்டைப் போலப் பனியைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட பனி வேகம் குறைந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. மேலே காத்திருப்பது ஓயாத வறண்ட காற்று. அந்தக் காற்றில் பனிக்கட்டி நீராக உருகாமலே நேரடியாக ஆவியாகிறது. பள்ளிப் பாடத்தில் கற்பூரத்தைக் காட்டிச் சொல்லித் தரும் பதங்கமாதல் இதுவே. யமாத்தோ நீலப்பனியில் இவ்வாறு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் பனி கரைந்து போகிறது. 5 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், 20,000 ஆண்டுகளில் ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனி அந்த இடத்தில் மேலே வந்து மறைந்திருக்கும். பனி போய்விடுகிறது, அதற்குள் இருந்த கல் மட்டும் மேலே தங்கிவிடுகிறது. அடுத்த அடுக்குப் பனி அடுத்த கல்லைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைக்கிறது.

உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரைத் தேக்கி, வெயில் நீரைக் குடித்தபின் உப்பை வாருவதைக் கண்டவர்களுக்கு இது விளங்குவதில் சிரமம் இராது. இங்கே பாத்தியின் வரப்பு மலை, நீருக்குப் பதில் பனி, உப்புக்குப் பதில் விண்கல். அண்டார்க்டிக விண்கற்கள் சிலவற்றின் நிலவாழ்வுக் காலம், அதாவது பூமியில் விழுந்தபின் கழிந்த காலம், பத்து இலட்சம் ஆண்டுகளையும் தாண்டுகிறது என்று பின்னாளைய அளவீடுகள் காட்டியுள்ளன.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த விளக்கத்தை நான் முதன்முதலில் படித்தபோது, மலையை வெறும் காட்சிப் பொருளாகவே இதுவரை நினைத்திருந்தோமே என்ற உணர்வு ஏற்பட்டது. வெண்மையின் நடுவே சில கரிய முனைகள். நிழற்படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவே என்று தோன்றும். அந்த முனைகள் இல்லாவிட்டால் அந்தக் கற்கள் இல்லை.

தாமதமும் திரும்பிச் செல்லுதலும்

இந்த நிகழ்வில் பாராட்டுக்கு இணையாகக் கேள்விக்கும் உரியது இதற்குப் பின் நடந்தது. கற்கள் கிடைத்தது 1969-இல். அவற்றைத் தேடியே ஒரு குழு அனுப்பப்பட்டது 1974-இல். இடையே ஐந்து ஆண்டுகள்.

தாமதத்துக்குப் புரிந்துகொள்ளத்தக்க காரணங்கள் உண்டு. உறைகடலை உடைத்துச் செல்லும் ஃபூஜி கப்பல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே ஷோவாவுக்குப் போய் வந்தது. ஒவ்வொரு குழுவின் பணியும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. ஒன்பது கற்களையும் முறையாகப் பகுத்து முடிக்கவும் காலம் பிடித்தது. எனினும், கற்கள் வெவ்வேறு வகை என்று தெரிந்த உடனேயே ‘இதே இடத்தில் இன்னும் இருக்கும்’ என்ற ஊகத்தை வெளிப்படையாக முன்வைத்திருந்தால் ஒன்றிரண்டு கோடைகளை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று கருதுகிறேன்.

1973-இன் இறுதியில், நான்கு ஆண்டுகளுக்கு முன் நட்ட கம்பங்களை மீண்டும் அளக்கச் சென்ற குழு, தன் வேலைக்கு நடுவே மேலும் 12 கற்களைக் கண்டது. அதன்பின் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. 1974-75 பருவத்தில், தேடுவதையே நோக்கமாகக் கொண்டு சென்றவர்கள் 663 கற்களோடு திரும்பினர். அடுத்த பருவத்தில் 307. 1979-80 பருவத்தில் 3,600-க்கும் மேல்.

அந்த ஒரே மலைக்கூட்டத்தின் அடிவாரத்திலிருந்து, பத்தாண்டுகளுக்குள், அதற்கு முன் மனிதகுலம் முழுவதும் சேர்த்து வைத்திருந்ததைவிட அதிகமான மாதிரிகள் கிடைத்தன. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த எண்ணிக்கை கிடைத்த துண்டுகளின் எண்ணிக்கையே. வானிலிருந்து வந்த தனித்தனிக் கற்களின் எண்ணிக்கை இதைவிடக் குறைவு. ஒரே விண்கல் பல நூறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கவும் கூடும். எது எதன் துண்டு என்று சேர்த்துப் பார்ப்பது இன்றும் முடிவுறாத வேலையாகவே தொடர்கிறது. முதல் ஒன்பது கற்களை ‘எல்லாம் ஒன்று’ என்று நினைத்தது ஒரு தவறு என்றால், பிந்தைய ஆயிரக்கணக்கானவற்றை ‘எல்லாம் வேறு’ என்று நினைப்பது அதற்கு நேரெதிரான தவறு.

மற்ற மலைகளுக்குப் பரவியது

1973 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் நடந்த விண்கல் ஆய்வாளர் மாநாட்டில், யமாத்தோ கற்களில் சில வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்ற முடிவு வாசிக்கப்பட்டது. அரங்கில் இருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவர், அண்டார்க்டிகாவின் மறுபக்கத்தில் உள்ள மலைகளிலும் இதே ஏற்பாடு இருக்க வேண்டும் என்று எண்ணினார். அவர் நிதி கேட்டு எழுதிய விண்ணப்பம் முதலில் ஏற்கப்படவில்லை. 1974-75 பருவத்தில் ஜப்பானியர் திரட்டிய நூற்றுக்கணக்கான கற்களைப் பற்றிய செய்தி வந்த பிறகே அது ஏற்கப்பட்டது. 1976 முதல் மூன்று பருவங்கள் இரு நாட்டவரும் சேர்ந்து தேடினர். ஆலன் குன்றுகள் என்ற நுனாட்டக் பகுதியை ஒட்டிய நீலப்பனி, யமாத்தோவுக்கு இணையான களம் என்பது அப்போது உறுதியாயிற்று.

அங்கிருந்து வந்தவற்றுள் இரண்டு கற்கள் இந்த ஆய்வோடு நேரடித் தொடர்புடையவை. 1982 ஜனவரியில் எடுக்கப்பட்ட 31 கிராம் எடையுள்ள சிறு கல், நிலவிலிருந்து வந்தது என்று அடையாளம் காணப்பட்ட முதல் விண்கல். அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த பாறைகளோடு ஒப்பிட முடிந்ததால் அது எளிதில் விளங்கிற்று. அந்தச் செய்திக்குப் பின் ஜப்பானியர் தங்கள் சேகரிப்பை மறுபடி பார்த்தபோது, 1979 நவம்பரிலேயே யமாத்தோவில் எடுத்து வைத்திருந்த ஒரு கல்லும் நிலவுக் கல் என்று தெரியவந்தது. முதலில் எடுத்தவர்கள் அவர்களே. முதலில் அறிந்தவர்கள் வேறு.

மற்றது, 1984 டிசம்பர் 27 அன்று ஆலன் குன்றுகளில் கிடைத்த, ஏறத்தாழ 1.9 கிலோகிராம் எடையுள்ள கல். அதை முதலில் டயோஜெனைட் என்று வகைப்படுத்தி வைத்துவிட்டனர். செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று 1993-இல்தான் தெரிந்தது. 1996 ஆகஸ்டில் அதற்குள் பழங்கால நுண்ணுயிர்களின் தடயம் இருக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டு உலகமே அதைப் பற்றிப் பேசியது. அந்த விளக்கத்தை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆயினும் ஒன்பது ஆண்டுகள் தவறான பெயரோடு அந்தக் கல் பேழையில் இருந்தது என்பதையே நான் இங்கே சுட்ட விரும்புகிறேன்.

இதே களத்தை இன்று அணுகினால்

கற்களைக் கையாளும் முறை ஏற்கெனவே மாறிவிட்டது. 1969-இல் கிடந்ததைக் கையால் எடுத்துப் பையில் போட்டதில் குறைகாண ஏதுமில்லை. அன்றைக்கு வேறு முறை இல்லை. இன்று கல்லை வெறுங்கையால் தொடுவதில்லை. எண் இட்டு, அளவுகோலோடு படமெடுத்து, தூய இடுக்கியால் எடுத்து, தூய பையில் இட்டு, உறைந்த நிலையிலேயே ஆய்வகம்வரை கொண்டுசெல்கின்றனர். கல்லின்மேல் ஒட்டியிருக்கும் பனி ஆய்வகத்தில் கட்டுப்பாடான சூழலில் நீங்கும்வரை அதைத் திறப்பதில்லை. நுண்ணுயிர் பற்றிய கேள்வி எழுந்தபின் இந்தக் கவனம் தவிர்க்க முடியாததாயிற்று.

நான் இன்னும் மாற வேண்டும் என்று கருதுவது, களப்பணியாளரின் குறிப்பேட்டில் ‘பணிக்குத் தொடர்பற்றவை’ என்ற பகுதிக்கு உள்ள இடம். பனியை அளக்கச் சென்றவர்கள் கல்லைக் கண்டார்கள். நற்பேறாக எழுதி வைத்தார்கள். அதே மலைகளைக் கடந்து சென்ற மற்ற குழுக்கள் கண்டும் எழுதாமல் விட்டவை எத்தனை என்று சொல்ல இயலாது. அளவீட்டுக் குழுவோ, வண்டி ஓட்டுபவரோ, வானிலைப் பணியாளரோ, எவராயினும் நீலப்பனியில் தனித்துக் கிடக்கும் கரிய கல்லைக் கண்டால் இடத்தைக் குறித்துப் படமெடுக்க வேண்டும் என்பது புறப்படும் முன்னரே சொல்லித்தரப்பட வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

அடுத்தது, எங்கே தேடுவது என்பது. பனியின் வேகம், தடிமன், சரிவு, வெப்பநிலை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து கணினிக்குக் கொடுத்து, இதுவரை எவரும் கால் வைக்காத நீலப்பனி வயல்களில் எவற்றில் கற்கள் இருக்கக்கூடும் என்று கணிக்கும் ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. அண்டார்க்டிகப் பனிமேல் இன்னும் மூன்று இலட்சம் அளவுக்கு விண்கற்கள் எடுக்கப்படாமல் கிடக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. ஒன்பது கற்களைப் பொறுக்கியவர்கள் கண்ணால் கண்டதை இன்று வரைபடமாகத் தீட்ட முடிகிறது.

ஆனால் அந்த வரைபடத்துக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. கரிய கல் வெயிலை உறிஞ்சிச் சூடேறுகிறது. காற்று உறைநிலைக்குப் பல பாகை கீழே இருக்கும்போதே தன் அடியில் உள்ள பனியைச் சிறிது உருக்கி, அந்தக் குழிக்குள் இறங்கத் தொடங்குகிறது. இரும்பு மிகுந்த கற்கள் வெப்பத்தை எளிதில் கடத்துவதால் மற்றவற்றைவிட விரைவில் இறங்குகின்றன. அண்டார்க்டிகாவில் இரும்பு விண்கற்கள் எதிர்பார்ப்பைவிடக் குறைவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2016-இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. பனியின் மேற்பரப்பு சற்றே வெப்பமானாலும் மற்றக் கற்களும் அதே வழியில் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கற்கள் இவ்வாறு கண்ணுக்கு எட்டாமல் புதைந்துபோவதாக 2024-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுள்ளது. எல்லா நாடுகளும் சேர்ந்து ஆண்டுக்கு எடுப்பது ஏறத்தாழ ஆயிரம்.

ஆகவே இன்று ஒரு குழுவை அனுப்புவதாக இருந்தால், ஏற்கெனவே பலமுறை தேடிய பெரிய வயல்களுக்கு மீண்டும் போவதற்கு முன், உயரம் குறைந்த, வெப்பம் சற்றுக் கூடிய பகுதிகளில் உள்ள சிறு நுனாட்டக்குகளின் அடிவாரங்களுக்கே முதலில் அனுப்புவேன். அங்கே கிடைக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆனால் உயர்ந்த, குளிர்ந்த வயல்களில் கிடப்பவை இன்னும் சில பத்தாண்டுகள் காத்திருக்கும். தாழ்ந்த இடங்களில் கிடப்பவை காத்திருக்க மாட்டா.